உணவும் உயிர்ப்பும்: வன்னியின் நெல்லை முன்வைத்துக் கலச்சுவாசம் பற்றிய ஒரு நோக்கு

உயிருள்ள கலமொன்று தான் பெற்ற உணவிலிருந்து சக்தியை வெளிவிடுவது எவ்வாறு என்னும் வினா உயிரியலாளருக்கு மட்டும் உரியதாகவே எம்மிடையே கருதப்பட்டு வந்துள்ளது. பாடசாலையில் விஞ்ஞானம் கற்றோர் ஒரு சமன்பாட்டை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் ஒப்புவித்தபின் அதனை மறந்துவிடுகின்றனர். கலை, இலக்கியம் கற்போரோ அதனை அறியாதிருத்தலே தமக்கு இயல்பெனக் கொள்கின்றனர். ஆயின், உணவு, உழைப்பு, பசி ஆகிய மூன்றையும் பற்றிப் பேசாத இலக்கியமோ சமூகவியலோ இல்லை. இம்மூன்றும் சந்திக்கும் களம் கலமாகும். எனவே கலச்சுவாசத்தைப் பற்றிய அடிப்படை அறிவு சமூக ஆய்வாளருக்கும் இன்றியமையாதது என்பது எமது கருத்து.

இக்கட்டுரையில் கலச்சுவாசத்தின் படிமுறைகளை வன்னிப் பெருநிலத்தின் வாழ்க்கையிலிருந்து பெறப்பட்ட எடுத்துக்காட்டுகள் கொண்டு விளக்க முனைகின்றோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் நெல்லின் நிலங்கள், குளங்களின் நிலங்கள், அண்மைக் காலத்தில் பெரும் பட்டினியைக் கண்ட நிலங்களுமாகும். உணவு எவ்வாறு சக்தியாகின்றது என்பதையும், உணவு மறுக்கப்படும்போது உடலில் நிகழ்வது யாது என்பதையும் ஒருங்கே நோக்குவதற்கு இப்பிரதேசத்தினும் பொருத்தமான பிறிதோர் இடத்தை நாம் தேடவேண்டியதில்லை.

1. உயிர்ப்பு என்னும் சொல்

பழந்தமிழில் ‘உயிர்த்தல்’ என்னும் சொல் மூச்சுவிடுதலைக் குறித்தது, பெருமூச்செறிதலையும் குறித்தது. உயிரையும் மூச்சையும் ஒரே சொல்லடியாற் சுட்டும் இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியின் ‘பிராணன்’, இலத்தீனின் ‘ஸ்பிரிட்டஸ்’, கிரேக்கத்தின் ‘நியூமா’ என்பனவும் இவ்வகையினவே. மூச்சு நின்றால் வாழ்வு முடிகின்றது என்ற நேரடி அவதானத்திலிருந்து இச்சொற்கள் பிறந்தன. காலப்போக்கில் அவ்வவதானத்தின் மீது, உடலுக்கு வேறாக நின்று உடலை இயக்கும் நுண்பொருள் ஒன்றுண்டு என்னும் கருத்துமுதற் கோட்பாடு கட்டியெழுப்பப்பட்டது.

எனினும் தமிழ் மரபில் வேறொரு சிந்தனை இழையும் இருந்ததென்பது மனங்கொள்ளத்தக்கது. புறநானூற்றின் 18ஆம் பாட்டிலே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறும் அறிவுரையின் தருக்கத்தைக் கவனித்தல் வேண்டும். உடல் உணவின்றி நில்லாது. உணவாவது நிலமும் நீரும் கூடியது. ஆதலின் நீரைத் தேக்கி நிலத்தோடு சேர்ப்பவரே உடலையும் உயிரையும் ஆக்கியவராவர் என்பது அப்புலவரின் வாதம். அரசனின் மறுமைச் செல்வத்தையும் புகழையும் முன்னிறுத்தியே அவர் இதனைக் கூறினாராயினும், உயிரை நிலம், நீர், உணவு என்னும் பொருள்களின் தொடர்ச்சியில் வைத்து நோக்கிய பார்வை பொருள்முதற் பார்வையேயாகும். குளங்கட்டி வாழ்ந்த சமுதாயமொன்றிலேயே இத்தகைய சிந்தனை தோன்றியிருத்தல் கூடும்.

இங்கு ஒரு சொல்மயக்கத்தையும் நீக்கிக்கொள்ளல் தகும். வழக்கிலே ‘சுவாசம்’ என்பது மூக்காலும் நுரையீரலாலும் நிகழும் காற்றுப் பரிமாற்றத்தைக் குறிக்கும். அது உண்மையில் ஒரு போக்குவரத்து ஏற்பாடே. ஒட்சிசனை உள்ளே கொணர்ந்து காபனீரொட்சைட்டை வெளியே கொண்டுசெல்கின்றது. கலச்சுவாசம் என்பது ஒவ்வொரு கலத்தினுள்ளும், உறக்கத்திலும் விழிப்பிலும், உணவு மூலக்கூறுகள் படிப்படியாக உடைக்கப்பட்டுச் சக்தி பெறப்படும் செயன்முறையாகும். நுரையீரலற்ற நெற்பயிரும் சுவாசிக்கின்றது. தாவரங்கள் பகலில் ஒளித்தொகுப்பும் இரவில் மட்டும் சுவாசமும் செய்வன என்ற பரவலான எண்ணமும் பிழையானது. பயிர் பகலிலும் இரவிலும் ஓயாது சுவாசிக்கின்றது; பகலில் ஒளித்தொகுப்பு மேலோங்கி நிற்பதால் சுவாசம் எமக்குப் புலனாவதில்லை.

2. விதைநெல்லின் வெப்பம்

வன்னிக் கமக்காரர் கலச்சுவாசத்தைப் புத்தகத்தில் கற்காமலே கையால் அறிந்தவர்கள். சேற்று வயலில் விதைப்பதற்கு முன்னர் விதைநெல் ஏறத்தாழ ஒரு நாள் நீரில் ஊறவிடப்பட்டு, பின்னர் நீர் வடிக்கப்பட்டுச் சாக்கினால் மூடி முளைகட்ட விடப்படுகின்றது. மறுநாள் குவியலினுள் கையை விட்டால் சூடு தெரியும். சூடு மிகுமாயின் முளை வெந்துவிடும் என்பதனால் குவியலைக் கிளறி நீர் தெளிப்பர். அடுப்பின்றி, வெயிலின்றிப் பிறக்கும் இவ்வெப்பம் எங்கிருந்து வருகின்றது?

உலர்ந்த நெல்மணியில் முளையம் உறங்கிய நிலையில் இருக்கின்றது. நீர் உட்புகுந்ததும் நொதியங்கள் தொழிற்படத் தொடங்கி, மணியிற் சேமிக்கப்பட்டிருந்த மாப்பொருளை வெல்லமாக மாற்றுகின்றன. முளையத்தின் கலங்கள் அவ்வெல்லத்தைச் சுவாசத்திற்குப் பயன்படுத்துகின்றன. வெளியாகும் சக்தியில் ஒரு பகுதி வேரையும் தண்டையும் ஆக்குவதற்குச் செலவாகின்றது. எஞ்சிய பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகின்றது. முளைக்கும் விதைகளை ஒரு வெப்பக்குடுவையிலும் அவித்த விதைகளை மற்றொன்றிலும் இட்டு வெப்பமானியால் அளக்கும் பாடசாலைப் பரிசோதனை இதனையே காட்டுகின்றது. அவித்த விதையில் மாப்பொருள் அப்படியே உண்டு. ஆயினும் சுவாசம் இல்லை. நொதியங்கள் சிதைந்துவிட்டமையே காரணமாகும்.

சுவாசம் ஒருவகை மந்தமான தகனமே என்ற உண்மையை ஐரோப்பாவில் நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு விஞ்ஞானியான இலவோசியே ஆவார். 1780களின் தொடக்கத்தில் அவரும் இலப்பிளாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலமொன்றில் கினிப்பன்றியை வைத்து, அது வெளிவிட்ட வெப்பத்தை உருகிய நீரின் அளவால் மதிப்பிட்டு, அதன் மூச்சிலிருந்து வெளியான காபனீரொட்சைட்டோடு ஒப்பிட்டனர். பின்னர் 1789ஆம் ஆண்டளவில் செகுயின் என்பாரோடு சேர்ந்து மனிதரிலும் ஆராய்ந்தபோது, உடலுழைப்பில் ஈடுபடும் மனிதன் ஓய்வில் இருப்பவனிலும் பன்மடங்கு ஒட்சிசனை உட்கொள்வது தெரியவந்தது. அந்த இடத்தில் இலவோசியே ஓர் வினாவை எழுப்பினார்: கைகளால் உழைத்து வாழும் ஏழை தன் உடற்பொருளை மிகுதியாக எரிக்கின்றான், செல்வன் குறைவாகவே எரிக்கின்றான், அவ்வாறிருக்க, தேவை குறைந்தவனிடம் உணவு நிறைந்தும் தேவை மிகுந்தவனிடம் உணவு குறைந்தும் இருப்பது ஏன்? பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டிலே எழுந்த இவ்வினாவை எழுப்பியவர் மன்னராட்சியின் வரிவசூற் குழுமத்தின் பங்காளராகவும் விளங்கியவர். அதன் பொருட்டே 1794இல் கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டார். அவரின் வர்க்க நிலைக்கும் அவரின் அளவுகோல் கண்ட உண்மைக்கும் இடையிலான இம்முரண்பாடு விஞ்ஞான வரலாற்றிலே கருதத்தக்கதாகும்.

இலவோசியேயின் வினா வன்னிக்கும் பொருந்துவதாகும். 1970களில் தோட்டப்புறப் பட்டினியாலும் 1977ஆம் ஆண்டின் இன வன்செயலாலும் மலையகத்திலிருந்து பெயர்ந்து வந்த மக்கள் பலர் வன்னியின் காடுகளை வெட்டிக் கழனியாக்குவதிலும் பிறர் நிலத்திற் கூலிக்கு உழைப்பதிலும் தம் உடற்சக்தியைச் செலவிட்டனர். உற்பத்தியில் மிகுதியாக எரிந்த உடல்கள் அவ்வுற்பத்தியில் மிகக் குறைந்த பங்கையே பெற்றன. காணி உறுதியின்மை அதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும்.

விதைநெல்லின் வெப்பத்திற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அறுவடையான ஈரநெல்லும் உயிருள்ளதே, அதுவும் சுவாசிக்கின்றது. இயந்திரத்தால் அறுத்த நெல்லை ஈரத்தோடு மூட்டையிற் கட்டிவைத்தால் மணியின் சுவாசமும் பூஞ்சணங்களின் சுவாசமும் சேர்ந்து மூட்டை சூடேறும், எடை குறையும், நெல் நிறம் மாறிப் பழுதாகும். ஈரப்பதன் ஏறத்தாழ 14 வீதத்திற்குக் குறையும் வரை உலர்த்தினால் மணியின் சுவாசம் மிக மந்தமாகி நெல் நின்றுபிடிக்கும். நெற் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்குக் கோருவதும் இந்த அளவையே. உலர்த்துந் தளமும் களஞ்சியமும் உள்ளவர் காத்திருந்து விற்கலாம். அவையற்ற சிறு கமக்காரர் வீதியோரத்திற் பரப்பிக் காயவிடவேண்டும். அன்றேல் களத்துக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்கு அன்றே விற்கவேண்டும். நெல்மணியின் கலங்களில் நிகழும் இயற்கைச் செயன்முறை, உடைமை உறவுகளின் ஊடாகவே ஒருவர்க்கு இழப்பாகவும் மற்றொருவர்க்கு இலாபமாகவும் மாறுகின்றது.

3. கலத்தினுள் நிகழ்வது

உணவு எரிதல் என்று கூறினோம். ஆயின் விறகு எரிவதற்கும் கலத்தில் உணவு எரிவதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. விறகிலே சக்தி முழுவதும் ஒரேயடியாக வெப்பமாகவும் ஒளியாகவும் வெளியேறிவிடுகின்றது. கலமோ பல சிறு படிகளில், ஒவ்வொரு படிக்கும் உரிய நொதியத்தின் துணையோடு, சக்தியைச் சிறுகச் சிறுகப் பெறுகின்றது. 180 கிராம் குளுக்கோசு முற்றாக ஒட்சியேற்றப்படும்போது ஏறத்தாழ 2,870 கிலோயூல் சக்தி வெளியாகும். அது ஒரே கணத்தில் வெளிப்படுமாயின் கலம் அழிந்துபோகும்.

நாம் உண்ணும் சோற்றின் மாப்பொருள் சமிபாட்டினால் குளுக்கோசாகிக் குருதிவழி கலங்களை அடைகின்றது. முதற் கட்டம் குழியவுருவில் நிகழ்கின்றது. ஆறு காபன் அணுக்களைக் கொண்ட குளுக்கோசு மூலக்கூறு, மூன்று காபன் அணுக்கள் கொண்ட இரு பைரூவேற்று மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகின்றது. இது கிளைக்கோபகுப்பு எனப்படும். இதற்கு ஒட்சிசன் தேவையில்லை; கிடைக்கும் இலாபமும் சிறிது.

இரண்டாங் கட்டத்தில் பைரூவேற்று இழைமணி என்னும் புன்னங்கத்தினுள் புகுந்து, ஒரு காபனைக் காபனீரொட்சைட்டாக இழந்து, கிரெப்சின் வட்டத்திற் சேர்கின்றது. வட்டம் சுழலச் சுழல எஞ்சிய காபன்களும் காபனீரொட்சைட்டாகக் கழிகின்றன. உணவிலிருந்த ஐதரசனும் அதன் இலத்திரன்களும் காவி மூலக்கூறுகளால் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள காபன் நேற்று உண்ட நெல்லின் காபனே என்பது இவ்விடத்திற் தெளிவாகின்றது. இவ்வட்டத்தை 1937இல் வகுத்துக் காட்டிய ஹான்ஸ் கிரெப்ஸ், யூதர் என்ற காரணத்தால் 1933இல் நாசி ஜெர்மனியிற் பதவி நீக்கப்பட்டு இங்கிலாந்திற் புகலிடம் பெற்றவர். 1953இல் நோபல் பரிசு பெற்றார்.

மூன்றாங் கட்டமே சக்தியின் பெரும்பங்கைத் தருவது. இதனை விளக்குவதற்கு இரணைமடுக் குளத்தை எண்ணிப் பார்க்கலாம். கனகராயன் ஆற்றின் நீர் அணைக்கட்டினால் மறிக்கப்பட்டு ஒரு மட்டத்திற்கு உயர்கின்றது. நீர் உயரத்தில் நிற்பதே அதன் ஆற்றல். துருசைத் திறந்தால் அது வாய்க்கால் வழியே பாய்ந்து வேலை செய்கின்றது. இழைமணியின் உள்மென்சவ்வு அத்தகையதோர் அணைக்கட்டு. காவிகள் கொணர்ந்த இலத்திரன்கள் மென்சவ்விலுள்ள புரதங்களின் வரிசையிற் கைமாறிச் செல்லும்போது வெளியாகும் சக்தி, புரோத்தன்களை மென்சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்கு இறைத்துத் தேக்குகின்றது. தேங்கிய புரோத்தன்கள் திரும்பிப் பாய்வதற்கு ஒரே துருசுதான் பெரும்பாலும் உண்டு. அத்துருசு சுழலும் ஒரு நொதியம். அது சுழலும்போது ஏ.டி.பி. என்னும் மூலக்கூறோடு பொசுபேற்று ஒன்று சேர்க்கப்பட்டு ஏ.ரி.பி. ஆக்கப்படுகின்றது. இக்கோட்பாட்டைப் பீற்றர் மிச்செல் 1961இல் முன்வைத்தபோது பலர் ஏற்க மறுத்தனர். 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நொதியத்தின் சுழற்சி பற்றிய ஆய்வுக்காக போல் பொயரும் ஜோன் வோக்கரும் 1997இல் அப்பரிசிற் பங்குபெற்றனர்.

இலத்திரன்களின் பயணம் எங்கு முடிகின்றது? அங்கேதான் ஒட்சிசன் வருகின்றது. வரிசையின் இறுதியில் ஒட்சிசன் இலத்திரன்களையும் ஐதரசனையும் ஏற்று நீராகின்றது. ஒட்சிசன் இல்லையெனில் இலத்திரன்களுக்குப் போக்கிடம் இல்லை. வரிசை முழுவதும் தடைப்படும். மூச்சு நிற்கும்போது சில நிமிடங்களில் மூளை அழிவதன் காரணம் இதுவே.

ஏ.ரி.பி. கலத்தின் நாணயம் எனப் பாடநூல்கள் கூறும். தசை சுருங்குவதும், நரம்பு செய்தி கடத்துவதும், புரதம் ஆக்கப்படுவதும் ஏ.ரி.பி. உடைந்து தரும் சக்தியாலேயே. ஆனால் இது சேமித்துவைக்கத்தக்க நாணயமன்று. எந்தவொரு கணத்திலும் மனித உடலிலுள்ள ஏ.ரி.பி. கால் கிலோகிராமிற்கு மேற்படாது. ஆயின் ஒரு நாளில் ஆக்கப்பட்டு உடைக்கப்படும் ஏ.ரி.பி.யின் மொத்த நிறை ஏறக்குறைய உடலின் நிறைக்கே சமமாகும். ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 32 வரையான ஏ.ரி.பி. மூலக்கூறுகள் கிடைப்பதாக இன்று கணிக்கப்படுகின்றது. பழைய பாடநூல்களின் 36, 38 என்னும் எண்கள் திருத்தப்பட்டுவிட்டன. உயிர் என்பது ஒரு முறை கொடுக்கப்பட்டு உடலிற் குடியிருக்கும் பொருளாகாது. நொடிதோறும் ஆக்கப்படவேண்டிய சமநிலையாகும். ஆதலினாலேயே உணவு அதற்கு உயிர்நாடியாகின்றது.

இவ்விடத்திற் புழுங்கலரிசி பற்றிய ஒரு குறிப்பும் அவசியம். பைரூவேற்று இழைமணியில் மேற்செல்வதற்குத் துணைபுரியும் நொதியத்திற்கு உயிர்ச்சத்து பீ1, அதாவது தயமின், இன்றியமையாதது. இச்சத்து நெல்மணியின் தவிட்டிலேயே மிகுதியாக உண்டு. பச்சையரிசியை மிகையாகத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். அதனையே உண்டு வாழ்வோர்க்கு பெரிபெரி என்னும் நோய் வரும். கலத்தில் எரிபொருள் இருந்தும் அடுப்பு மூளாத நிலை அது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றும்போது சத்து மணியின் உள்ளே ஊறிச் சென்று தங்கிவிடுகின்றது. எமது மக்களின் புழுங்கலரிசிப் பழக்கம், காரணம் அறியப்படுமுன்னரே அனுபவத்தால் உருவான ஒரு பாதுகாப்பாகும்.

4. காற்றின்றிய உயிர்ப்பு

ஒட்சிசன் இல்லாவிடத்தும் சில கலங்கள் வாழ்கின்றன. பளையிலும் பூநகரியிலும் பனையிலிருந்து இறக்கப்படும் பதநீர் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாவதை யாவரும் அறிவர். மதுவம் என்னும் நுண்ணங்கி அதன் வெல்லத்தைக் கிளைக்கோபகுப்பு வரையில் உடைத்து, பைரூவேற்றை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. நுரை அக்காபனீரொட்சைட்டே. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நுண்ணங்கிகளின் பெருக்கம் தடைப்பட்டுக் கருப்பணி இனிப்பாகவே நிற்கும். இம்முறையில் ஒரு குளுக்கோசிலிருந்து மதுவம் பெறும் இலாபம் இரண்டு ஏ.ரி.பி. மட்டுமே, எஞ்சிய சக்தி எதனோலிலேயே தங்கிவிடுகின்றது. அதனாற்றான் சாராயம் எரியக்கூடியது.

நொதித்தலை வைத்தே உயிரியல் வரலாற்றின் பெரும் விவாதமொன்று தீர்க்கப்பட்டது. நொதித்தல் உயிருள்ள கலத்தாலேயே நிகழும் எனப் பாஸ்டர் காட்டினார். அதனைக் கொண்டு, பௌதிக இரசாயன விதிகளுக்கு அப்பாற்பட்ட ஓர் உயிராற்றல் உண்டெனச் சிலர் வாதிட்டனர். 1897இல் ஜெர்மனியில் எடுவார்ட் புக்னர் மதுவக் கலங்களை அரைத்துப் பிழிந்த சாற்றில் வெல்லத்தை இட்டபோது, உயிருள்ள கலம் ஒன்றுமில்லாத அச்சாற்றிலும் நொதித்தல் நிகழ்ந்தது. உயிராற்றல் எனப்பட்டது நொதியங்களின் தொழிலே என்பது அன்று புலனாயிற்று.

நெற்பயிரும் இவ்வகையில் விந்தையானது. வெள்ளம் நின்ற வயலின் சேற்றில் ஒட்சிசன் மிக அருகியே உண்டு. பெரும்பாலான பயிர்களின் வேர்கள் அங்கு மூச்சின்றி அழுகிவிடும். நெல்லோ தன் தண்டினதும் வேரினதும் காற்றுக்கலவிழையம் வழியே இலையிலிருந்து வேருக்குக் காற்றை அனுப்புகின்றது. நீருள் அமிழ்ந்த விதையும் நொதித்தலின் துணையால் முளைத் தண்டை நீட்டி நீர்மட்டத்தை நாடுகின்றது. காலபோகத்தின் பெருமழையில் வயல் மூழ்கியபோதும் சில நாட்கள் பயிர் பிழைப்பதன் இரகசியம் இதுவே. எனினும் இரண்டு ஏ.ரி.பி.யில் நெடுநாள் வாழ முடியாது. சேமிப்புத் தீர்ந்தால் பயிர் மடிகின்றது.

5. பசி: உடல் தன்னையே உண்ணுதல்

சுவாசம் ஒரு கணமும் நிற்கக்கூடாத செயன்முறை என்று கண்டோம். ஆயின் உணவு வாராதபோது கலங்கள் எதனைச் சுவாசிக்கின்றன? விடை எளிது: உடலையே.

இறுதியாக உண்ட உணவு தீர்ந்ததும் ஈரலிற் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் குளுக்கோசாக மாற்றப்படுகின்றது. அது ஏறத்தாழ 100 கிராம் அளவினது; ஒரு நாளளவிலே தீர்ந்துவிடும். மூளையோ உடல் ஓய்விற் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைக் கேட்பது. குளுக்கோசையே பெரிதும் நம்பியிருப்பது. அதற்காகத் தசையின் புரதம் உடைக்கப்பட்டு ஈரலில் குளுக்கோசாக ஆக்கப்படுகின்றது. சில நாட்களில் உடல் வேறொரு வழிக்கு மாறுகின்றது: கொழுப்பு உடைந்து கீற்றோன் உடல்களாகி, அவற்றை மூளையும் எரிபொருளாக ஏற்கின்றது. தசையிழப்பு இதனால் மந்தமாகின்றது. உடலின் வேகமும் குறைகின்றது; இதயம் மெதுவாகத் துடிக்கின்றது; உடல் குளிர்கின்றது. கொழுப்புத் தீர்ந்ததும் மீண்டும் புரதமே எஞ்சுகின்றது. அப்போது எரிவது மூச்சை இயக்கும் தசையும் இதயத் தசையுமாகும். நோயெதிர்ப்பு முன்னரே குன்றிவிடுவதால், பட்டினியாற் சாவோரிற் பலர் தொற்றுநோயாலேயே இறக்கின்றனர். சாவுப் பதிவிற் பசியின் பெயர் இடம்பெறுவதில்லை.

இவ்வறிவு மனிதகுலத்திற்குக் கிடைத்த வழிகளுள் இரண்டைக் குறிப்பிடலாம். 1942இல் நாசிகளால் அடைக்கப்பட்ட வார்சோ நகரின் யூதர் பகுதியில், தாமும் பட்டினியில் வாடிய யூத மருத்துவர்கள், தம்மால் உணவளிக்க முடியாத நோயாளரின் உடல்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினர். நாடுகடத்தலால் ஆய்வு இடைநின்றது. அதனை நடத்தியோரிற் பெரும்பாலார் அழிக்கப்பட்டனர். வெளியே கடத்தப்பட்ட கையெழுத்துப்படி 1946இல் நூலாயிற்று. அமெரிக்காவின் மினசோட்டாவிலோ 1944-45இல் போர்ச்சேவையை மனச்சாட்சியின் பேரால் மறுத்த 36 இளைஞர்கள், பட்டினியுற்ற ஐரோப்பாவுக்கு உதவும் பொருட்டுத் தம் விருப்பத்தோடு ஆறு மாத அரைப்பட்டினிக்கு உட்பட்டனர். அவர்களின் நாளுணவு ஏறத்தாழ 1,570 கலோரி. உடல் நிறையில் நான்கிலொரு பங்களவை இழந்தனர். உணவைத் தவிர வேறெதனையும் எண்ண இயலாதோராயினர். பசி மனித ஆளுமையையே மாற்றுகின்றது என்பதற்கு அவ்வாய்வு சான்றாகும்.

இவ்வளவுகளை மனத்திற்கொண்டு வன்னியை நோக்குவோம். 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் அரசாங்கத்தின் பணிப்பின்பேரில் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தபின், மக்கள் புதுக்குடியிருப்புக்கும், பின்னர் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட புதுமாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்னும் மணற்றிட்டிற்கும் ஒடுக்கப்பட்டனர். நெல் விளைந்த வயல்கள் பின்னால் நின்றன. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, அங்கிருந்த மக்களின் தொகையை அரசாங்கம் வேண்டுமென்றே குறைத்துக் காட்டியதையும், அதனால் உணவும் மருந்தும் போதாமற் போனதையும், உணவுக்கு நின்ற வரிசைகள் எறிகணைக்கு இலக்கானதையும் பதிவுசெய்தது. மக்கள் வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்தனர் என்பதையும், தப்ப முயன்றோர் மீது சுட்டனர் என்பதையும் அதே அறிக்கை பதிவுசெய்தது. இரண்டையும் சேர்த்தே கூறுதல் ஆய்வாளரின் கடமையாகும்.

அந்நாட்களில் மக்களை ஓரளவு தாங்கியது கஞ்சி: அரிசி, நீர், கிடைத்தால் உப்பு. ஒரு கணக்கைப் பார்ப்போம். 50 கிராம் அரிசியின் சக்தி ஏறத்தாழ 175 கலோரி. எவ்வேலையும் செய்யாது படுத்திருக்கும் வளர்ந்த ஒருவரின் உடலுக்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,400 கலோரி தேவை. அனர்த்த நிவாரணத்திற்கு உலக அமைப்புகள் கொள்ளும் அளவு ஆளுக்கு 2,100 கலோரி. அந்தக் கைப்பிடி அரிசி, ஓய்விலிருக்கும் உடலை மூன்று மணி நேரம் தாங்கும். பதுங்குகுழி வெட்டவும், காயமுற்றோரைச் சுமக்கவும், நீர் தேடி நடக்கவும் வேண்டிய சக்தி எங்கிருந்து வந்தது? அவர்களின் தசையிலிருந்து வந்தது. பாலூட்டும் தாயரின் உடலிலிருந்து வந்தது. வளரவேண்டிய குழந்தைகளின் வளராத எலும்பிலிருந்து வந்தது.

எத்தனை பேர் அங்குள்ளனர் என்று ஓர் அலுவலகத்தில் எழுதப்படும் எண், எத்தனை மூட்டை அரிசி கப்பலேறும் என்பதைத் தீர்மானிக்கின்றது; அது ஒவ்வொரு கலத்தினுள்ளும் எரிவது அரிசியா, அன்றித் தசையா என்பதைத் தீர்மானிக்கின்றது. இவ்வகையில் நோக்குமிடத்து, சமூக அதிகாரம் கலத்தின் மென்சவ்வுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. பசியென்பது அது உள்ளே புகும் வாயிலாகும்.

6. முடிவுரை

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் உழைப்பை, மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையே நிகழும் பொருட்பரிமாற்றமாக விளக்கினார். அதற்கு அவர் கையாண்ட ஜெர்மன் சொல், அக்கால உடற்றொழிலியலாளரும் லீபிக் முதலான இரசாயனவியலாளரும் உடலினுள் நிகழும் அனுசேபத்திற்கு வழங்கிய சொல்லேயாகும். இது வெறும் உருவகமன்று. வயலிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து கலத்திற்கும், கலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து மீண்டும் வயலுக்கும் செல்லும் ஒரே பொருளோட்டத்தின் ஒரு பாதியை உயிரியலும் மறுபாதியைச் சமூகவியலும் ஆராய்கின்றன. ஓட்டம் எங்கு தடைப்படினும் அது இறுதியில் உடலிலேயே கணக்கிடப்படும்.

ஒவ்வோராண்டும் மே மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் முள்ளிவாய்க்காற் கஞ்சி காய்ச்சி வழங்கப்படுகின்றது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் அவ்வாறு வழங்கியோர் கைதுசெய்யப்பட்டமையும் நிகழ்ந்தது. அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த ஓர் உணவு நினைவுச் சின்னமாயிருப்பது தற்செயலன்று. மக்கள் தம் வரலாற்றின் மிகக் கொடிய காலத்தை ஒரு கலோரிக் கணக்காகவே நினைவிற் கொண்டுள்ளனர். அவ்வகையில் அவர்கள் எம் ஆய்வுகளுக்கு முன்னே நிற்கின்றனர்.

ஆய்வுலகம் செய்யவேண்டியது மிகுதி. அந்த மணற்றிட்டில் கருவிலும் மடியிலும் இருந்த குழந்தைகள் இன்று இளைஞர்கள். அவர்களின் உடல்நலத்தை நெடுங்கால நோக்கில் ஆராய மருத்துவத் துறையும், நெல் உலர்த்தல், களஞ்சியம், விலை ஆகியவற்றைச் சிறு கமக்காரரின் நிலையில் நின்று ஆராய, கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும், சமூகவியல், தமிழ்த் துறைகளோடு கைகோத்தல் வேண்டும். துறைகளுக்கிடையே நாம் எழுப்பியுள்ள சுவர்களை நெல்மணி அறியாது.